மாடு மேயாத பூ

குறிஞ்சிப் பூ விஷம் என்று நான் நம்பினேன். சும்மா விஷமில்லை. தொட்டாலே தோல் வழியாக உள்ளே இறங்கி, ஆலகாலம் உண்ட சிவபெருமானின் கழுத்தைப் போல ஆளையே நீலமாக்கிவிடுகிற விஷம். படிப்பு வாசனை இல்லாதவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு பஸ் கம்பெனியின் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். கொடைக்கானல் போகிற வெள்ளைக்காரத் துரைமார்களிடம், "வாமிட் கமிங் சார், விண்டோ சிட்டிங்" என்று இங்கிலீஷிலேயே யோசனை சொல்லுமளவுக்கு ஞானஸ்தன். அத்தனை ஞானத்தையும் வைத்துக்கொண்டுதான், மொட்டையடித்த ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கூட்டமே பின்னால் துரத்திவர, அகரத்து வரப்புகளில் வேட்டி அவிழ ஓடினேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. முதலில், நான் எதற்குப் பூவோடு போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் அன்றைக்கு ராஜா. குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது அவன். குழந்தைக்கு விழுகிற முதல் மாலை அவன் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். தாய்மாமன் மாலையைப் பார்த்துத்தான், அந்த வீட்டு மருமகளின் பிறந்த வீடு எப்படிப்பட்டது என்று பந்தலில் தீர்ப்பு எழுதுவார்கள். என் அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆக, அந்தக் குடும்பத்தின் மொத்தக் கௌரவமும் ஒரு புக்கிங் கிளார்க்கின் தலையில் உட்கார்ந்திருந்தது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது அகரத்தில் ஒரு சம்சாரி வீட்டில். அவர்களுக்குப் பூந்தோட்டம். மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி, கோழிக்கொண்டை, எல்லாம் போடுவார்கள். அங்கேதான் எனக்கு வினை வந்தது. அக்காவின் மூத்த பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தபோது, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் நின்று, இருப்பதிலேயே நல்ல மல்லிகையாகப் பொறுக்கி, யானைக்குப் போடுகிற கனத்தில் ஒரு மாலை கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மாலையைத் தடவிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று அன்பாகத்தான் கேட்டார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடையின் பெயரைச் சொன்னேன். பந்தலில் ஒரே சிரிப்பு. அது அவர்கள் வீட்டுப் பூவை ஏலம் போட்டு விற்கிற கமிஷன் கடை. முதல் நாள் சாயங்காலம் அவர்கள் தோட்டத்தில் பறித்த மொட்டைத்தான் நான் திண்டுக்கல்வரை போய், காசு கொடுத்து வாங்கி, அவர்களுக்கே சீராகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தேன்.

நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சிரிப்பது எனக்குத் தொழில் மாதிரி. ஆனால் அக்கா அந்த வீட்டிலேயே அல்லவா இருக்க வேண்டும். எங்கள் அம்மா வைத்த புளிக்குழம்பைப் பற்றி வாய்தவறி அவள் பேசினால்கூட, "ஆமாமா, எங்க பூவ எங்களுக்கே கொண்டாந்த வீடுதான" என்று அத்தை எடுத்துவிடுவாராம். அத்தை கெட்டவர் இல்லை. நல்ல நகைச்சுவை ஒன்று கையில் கிடைத்தால் அதைக் கீழே வைக்கத் தெரியாதவர். அந்த வியாதி எனக்கும் உண்டு என்பதால் எனக்கு அவர் மேல் கோபமும் வரவில்லை.

அடுத்துப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை வயதில், ஆவணியில் காதுகுத்து என்று முடிவானதும், அக்கா பஸ் ஏறி நேராக என் புக்கிங் கவுண்டருக்கே வந்துவிட்டாள். டிக்கெட் வாங்குகிற ஓட்டை வழியாகக் குனிந்து, வரிசையில் நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னாள்.

"ஏலே, இந்தத் தடவ அவுக தோட்டத்துல இல்லாத பூவாப் பாத்துக் கொண்டா. இல்லேன்னா வராத. நான் உனக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்."

சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. பின்னால் நின்ற பிரயாணி ஒருவர், வத்தலக்குண்டுக்கு ஒரு டிக்கெட் என்று கையை நீட்டினார். அவரை மதுரைக்கு அனுப்பிவைத்தேன். அந்த அளவுக்கு யோசனையில் ஆழ்ந்துவிட்டேன்.

அகரத்துத் தோட்டத்தில் இல்லாத பூ எது? தாமரை என்றால் குளத்துக்குப் போக வேண்டும், அதுவும் அவர்கள் ஊர்க் குளமாகத்தான் இருக்கும். ரோஜா என்றால் அதுவும் வேலியோரம் வைத்திருந்தார்கள். அப்போதுதான் கொடைக்கானல் வண்டியின் கண்டக்டர், என் கூட்டாளி, மாலை டிரிப் முடிந்து வந்து கவுண்டர் மேஜையில் ஏறி உட்கார்ந்தான். மேலே மலைச்சரிவில் பாறைக்குப் பாறை குறிஞ்சி பூத்துக்கிடக்கிறது, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்குமாம், மலை முழுக்க நீலப் போர்வை விரித்த மாதிரி இருக்கிறது, பிரயாணிகள் ஜன்னல் வழியாகப் பார்க்கிற வேகத்தில் வாந்தி எடுக்கக்கூட மறந்துவிடுகிறார்கள் என்று அளந்தான்.

அந்தப் பூவைத் தலையில் வைப்பார்களா என்று கேட்டேன்.

"யாரு மாப்ளே வைக்கிறா? மாடுகூட அத மேயாதாம்" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கி மூளையின் ஏதோ ஒரு மூலையில் போட்டுவைத்தேன். அப்போது என் மனதில் இருந்ததெல்லாம் ஒன்றுதான். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அத்தை எத்தனை கூடை மல்லிகை பறித்திருந்தால் என்ன, இதைப் பறித்திருக்க முடியாது.

அக்காவுக்கு ஆள் அனுப்பிச் சொன்னால் போதாதென்று நேரிலேயே போய், பூவின் நிறத்தைப் பற்றி நான் பார்க்காமலே ஒரு பிரசங்கம் செய்தேன். கத்திரிப்பூ கலரா என்று மச்சான் கேட்டார். கத்திரிப்பூவைக் கழுவி, அதில் கொஞ்சம் ஆகாயத்தைக் கலந்த மாதிரி என்று சொன்னேன். "அதுக்கு எதுக்குக் கொடைக்கானல்? கொல்லையில கத்திரிச் செடி நிக்கிது, பக்கெட்ல ஆகாயத்தப் பிடிச்சுக்க" என்று மச்சான் எழுந்து போய்விட்டார். அக்கா மட்டும் அந்த நிறத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள்.

காதுகுத்துக்கு முதல் நாள், கண்டக்டர் இரண்டு கோணிச்சாக்கு நிறையக் குறிஞ்சிக் கிளைகளை நனைத்துக் கட்டி, பேரிக்காய்க் கூடைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். சாக்கைப் பிரித்ததும் எனக்குத் தலைசுற்றியது. சின்னச் சின்ன மணிகளாக, வெளிர்நீலமும் ஊதாவுமாக, ஒரே கிளையில் இரண்டு நிறம். தொட்டால் உதிர்ந்தது. பார்த்தாலே உதிரும் போலிருந்தது. மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு பூவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காம்பே இல்லாத பூவை எந்தக் காலத்தில் நாரில் கட்டினோம் என்று கேட்டார். கடைசியில் கிளையை இலையோடு நறுக்கி, கொத்துக் கொத்தாக வாழைநாரில் கட்டிக் கொடுத்தார். "தம்பி, இத மாலைன்னு கழுத்துல போட்டாலும் சரி, வேலின்னு தோட்டத்துல கட்டுனாலும் சரி" என்றார். உண்மையில் வெள்ளாடு தாண்டமுடியாத கனத்தில்தான் இருந்தது அது.

மறுநாள் காலையில் அகரம். குலசாமி கோயில் வயல்களுக்கு நடுவே. பந்தல், மேளம், ஒரு பக்கம் கிடாக்கறி கொதிக்கிற வாசனை. நான் மூங்கில் கூடையில் மாலையை வைத்து, தலையில் சுமந்து, மேளம் முன்னால் போக நடந்து வந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது. அது மரியாதையா, இலையின் சொரசொரப்பு மேலே படாமலிருக்கவா என்று தெரியவில்லை. அத்தை எழுந்து வந்தார். ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"வாசமே இல்லையே, அப்பு."

"பன்னெண்டு வருசமா எல்லாத்தையும் நெறத்துலயே போட்டுருச்சு அத்த. வாசத்துக்கு மிச்சமில்ல."

அத்தை பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் நின்றதை அந்த ஊர் அன்றுதான் முதல்முறை பார்த்திருக்கும். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அக்காவின் முகவாய் கொஞ்சம் மேலே போனதைப் பார்த்தேன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேளக்காரர் ஒருவர் மடித்துக் கொடுத்த வெற்றிலையை, சுண்ணாம்பு எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் வாயில் போட்டு மென்றேன்.

மொட்டை முடிந்தது. குழந்தையின் தலையைக் கழுவி என் மடியில் உட்காரவைத்தார்கள். மாலை அவளுக்கு மிகப் பெரிது என்பதால், மாமனுக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஒன்றாகப் போட்டார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தினார். அவள் போட்ட அலறலில் கோயில் மரத்துக் காக்கைகள் பறந்தன. அக்கா பொறுக்கமாட்டாமல் பிள்ளையைப் பிடுங்கி, தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தாள். அழுகை அடங்கிய பிறகு, அடுத்த காதுக்காகத் திரும்ப என் மடியில் வைத்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். குழந்தையின் ஒரு பக்கக் கன்னம் நீலம். மொட்டை மண்டையில் பாதி நீலம். கழுத்தில் நீலம். நான் பார்க்கப் பார்க்க அது முகவாய்ப் பக்கம் இறங்கியது.

மாடுகூட மேயாத பூ.

மூளையின் மூலையில் கிடந்த அந்த வாக்கியம் எழுந்து நின்று என் சட்டையைப் பிடித்தது. ஐந்தறிவுள்ள மாட்டுக்குத் தெரிந்தது, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த எனக்குத் தெரியாமல் போயிற்றே. வாய்விட்டுக் கத்தியிருப்பேன். ஆனால் மூன்றடி தள்ளி அத்தை உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் விஷ மாலை கொண்டுவந்தான் என்று அவர் காதில் ஒருமுறை விழுந்தால் போதும், அக்காவின் பேரன் பேத்திகளுக்குக் காது குத்தும்போதும் அந்தக் கதையைச் சொல்லுவார்கள். அதனால் பக்கத்தில் நின்ற மச்சானின் வேட்டியை இழுத்து, பாப்பா நீலமாகிக்கொண்டு வருகிறாள் என்று காதோடு காதாகச் சொன்னேன். அவர் சமையல்காரரிடம் கிடாத்தலை யாருக்கு என்று வழக்காடிக்கொண்டிருந்தார். பந்தல் துணி நிழல் அப்படித் தெரியும் என்று திரும்பாமலே சொல்லிவிட்டார்.

சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று மாலையிலிருந்து இரண்டு பூவைப் பிய்த்து என் வாயில் போட்டு மென்றேன். விஷமாக இருந்தால் எனக்கும் ஏதாவது ஆகுமல்லவா. ஆயிற்று. நாக்கு சுருக்கென்று பிடித்துக்கொண்டு மரத்துப்போனது. சற்று முன் மென்ற சுண்ணாம்பை அந்த நேரத்தில் யார் நினைத்தார்கள்? எதிரில் இருந்த ஒரு பெரியவர், "இன்னும் பந்தியே போடல, அதுக்குள்ள மாலையத் திங்கிறாரே மாமன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் வருத்தப்பட்டார். குனிந்து என் கையைப் பார்த்தேன். என் உள்ளங்கையும் நீலம்.

அதற்கப்புறம் என்னிடம் அறிவு என்று ஒன்றும் மிச்சமில்லை. குழந்தையை மாலையோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். ஓடினேன்.

எங்கே ஓடினேன்? பஸ் ரோட்டுக்கு. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்க. அந்த நேரத்துக்கு அந்த ரோட்டில் எந்த பஸ்ஸும் கிடையாது என்பது ஜில்லாவிலேயே என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஓடினேன். பின்னால் ஆசாரி ஓடிவந்தார், குத்தின காதில் மாட்டிய தங்கக் கம்பியை அவர் இன்னும் முறுக்கி முடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் மச்சான். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். மேளக்காரர்கள், இது பெண் வீட்டு வழிச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து, கெட்டிமேளம் கொட்டியபடியே வரப்பில் வரிசையாக வந்தார்கள். குழந்தைக்கு இந்த ஓட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டுக் கெக்கெக்கென்று சிரிக்க ஆரம்பித்தாள். ஜன்னி கண்டுவிட்டது என்று நினைத்து நான் வேகத்தைக் கூட்டினேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாலையிலிருந்து பூ உதிர்ந்து வரப்பெல்லாம் விழுந்துகொண்டே வந்தது.

வழியில் அவர்களுடைய பம்புசெட்டு. தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. விஷத்தைக் கழுவிவிட்டால் பஸ் வரும்வரை தாங்குவாள் என்று குழந்தையைத் தொட்டிக்குள் இறக்கி, கன்னத்தைத் தேய்த்தேன். தண்ணீர் நீலமாக ஓடியது. விஷம் இறங்குகிறது என்று கைகூப்பினேன், ஒரு கையால்தான், இன்னொரு கையில் குழந்தை.

எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தது அக்கா. மூச்சிரைக்க வந்து என் முன்னால் நின்றாள். அவள் தோள் நீலம். கழுத்து நீலம். முழங்கைவரை நீலம்.

"அக்கா, ஒனக்கும் ஏறிருச்சுக்கா."

"என்னலே ஏறிருச்சு?"

"விஷம். அந்தப் பூவு விஷம்க்கா. மாடு மேயாதாம்."

அவள் தன் கையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

"சாயம்லே. சேலச் சாயம்."

அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவள் என்ன கட்டியிருக்கிறாள் என்று பார்த்தேன். புத்தம்புதுச் சுங்குடிச் சேலை. கத்திரிப்பூவைக் கழுவி, கொஞ்சம் ஆகாயம் கலந்த நிறம். நான் சொன்ன நிறத்தை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சின்னாளப்பட்டிக்குப் போய், சாயம் போடுகிறவரிடம் சொல்லிப் பிரத்யேகமாக முக்கி வாங்கியிருக்கிறாள். தம்பி கொண்டுவருகிற மாலைக்குப் பக்கத்தில் தான் நிற்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். உப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுக் கட்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். அலசினால் நிறம் மங்கிவிடுமோ என்று அப்படியே கட்டிக்கொண்டாள். ஈரத் தலையும் கண்ணீருமாக இருந்த பிள்ளையைத் தோளில் போட்டு அணைத்தால் சாயம் வேறு எங்கே போகும்?

அவள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அந்த நீரைத் துடைக்கப்போய் கன்னத்திலும் நீலத்தை அப்பிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. (பிறகு ஒருநாள் கண்டக்டரைப் பிடித்து, மாடு மேயாது என்று எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டேன். அந்தச் சரிவில் மாட்டையே தான் பார்த்ததில்லை என்றும், அதனால்தான் அப்படிச் சொன்னதாகவும் சொன்னான்.)

மேளம் கிட்டத்தில் வந்தது. அக்காவின் சிரிப்பு பட்டென்று நின்றது.

"அத்தைக்கிட்ட என்னலே சொல்றது?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புக்கிங் கவுண்டர் ஓட்டை வழியாகப் பார்த்த அதே முகம். இனிமேல் அந்த வீட்டில் அவள் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததும், எனக்கு விக்கல்கூட நின்றுவிட்டது. அவர்கள் பூவை அவர்களுக்கே கொண்டுவந்தவன் என்பது போய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் என்று ஆகிவிட்டேன்.

கூட்டம் வந்து சேர்ந்தது. அத்தை முன்னால் வந்தார், மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. குழந்தையைப் பார்த்தார். அக்காவின் தோளைப் பார்த்தார். பூந்தோட்டக்காரருக்குச் சாயத்துக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியாதா?

"நனைக்காத சேலையக் கட்டிக்கிட்டா பிள்ளையத் தூக்குவாக?" என்று அக்காவிடம் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். என் பக்கம் திரும்பி மடியை விரித்தார். வரப்பில் நான் உதிர்த்துக்கொண்டு வந்த குறிஞ்சியையெல்லாம் குனிந்து குனிந்து பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பூவை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் செடி நம்ம மண்ணுல வருமா, அப்பு?"

அது மலைச்சரிவில், பாறை இடுக்கில், குளிரில் இருக்கிற செடி என்றும், வந்தாலும் பூக்கப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அத்தை யோசித்தார். நாள் தவறாமல் பறிக்கிற மல்லிகையோடு இது ஒத்துவராது என்று மச்சானிடம் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனாலும் இது நம்மிடம் இல்லாத பூதான், இந்த வீட்டுக்கு இப்படி ஒரு பூவை யாரும் கொண்டுவந்ததில்லை என்றார். அக்கா குழந்தையை வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை அப்படியே நின்றது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

எல்லோரும் கோயிலுக்குத் திரும்பினோம். இலையும் நாருமாக மிஞ்சியிருந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆசாரி முதல் காதின் கம்பியை முறுக்கி முடித்துவிட்டு, இரண்டாவது காதையும் குத்தினார். குழந்தை அழுதது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, சேலைச் சாயம் ஒட்டியிருந்தது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் போய்விட்டது.